போற காத்து

இந்த மேசைக்கு ஒரு கால் குட்டை மேடம். ஒரு அட்டையை நாலா மடிச்சுக் கீழ வெச்சா ஆடாது. நீங்க எழுத எழுத அது டக் டக்குனு ஆடிக்கிட்டே இருக்கு. உங்களுக்குப் பழகிப்போச்சு போல, எனக்குத்தான் மனசு கேக்கல. இருங்க, நானே வெச்சிடறேன். ம், இப்ப எழுதிப் பாருங்க.

என்னைச் சாட்சியாத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீங்கன்னு தெரியும். அக்கா வீட்டுக்காரர், எங்க அத்தானோட வண்டிக்குக் கடைசியா காத்து பாத்தவன் நான். ஒரு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடலாம்னு நினைச்சிருப்பீங்க. நானும் அப்படித்தான் வந்தேன், சத்தியமா. ஆனா வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தப்போ உங்க ஆளு அந்த விபத்து ரிப்போர்ட்டைப் படிக்கக் குடுத்தார். 'முன்பக்க இடது டயர் தயாரிப்புக் குறைபாட்டால் வெடித்திருக்கலாம்.' இருக்கலாமாம். படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, பக்கத்துல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. அந்த டயர்ல ஒரு குறையும் கிடையாது மேடம். நாள் முழுக்க ரெண்டரை டன்னைத் தோள்ல சுமந்து, வளைவுக்கு வளைவு தேஞ்சு, ஒரு முனகல் கிடையாது. அப்படி ஒரு டயரை நான் பாத்ததில்ல. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு அது தலையில கொண்டுபோய்க் கட்டுறீங்க. அதனாலதான் சொல்றேன். நிதானமா எழுதிக்கோங்க, எனக்கு ஒரு அவசரமும் இல்ல.

டிராக்ல என்னை எல்லாரும் 'காத்து'ன்னுதான் கூப்பிடுவாங்க. சனி ஞாயிறுல சாதாரண ஆளுங்க சொந்த வண்டியைக் கொண்டுவந்து ரேஸ் டிராக்ல ஓட்டிப் பாப்பாங்க இல்லையா, அவங்க டயருக்குக் காத்து வெக்கிறது என் வேலை. பதினாறு வருஷம். காத்து அடிக்கிறதுல என்ன இருக்குன்னு நீங்க நினைக்கலாம், எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. ரோட்டுக்கு வெக்கிற காத்தோட டிராக்ல போகக் கூடாது மேடம். வேகத்துல டயர் கொதிக்கும், உள்ள இருக்கிற காத்து விரியும். முப்பது பவுண்டுல கிளம்பின வண்டி நாலு சுத்து முடிச்சு வந்தா முப்பத்தெட்டுல நிக்கும். அதனால காலையில கம்மியா வெச்சு அனுப்பணும். ரொம்பக் கம்மியா வெச்சிட்டா வளைவுல டயர் பக்கவாட்டுல மடங்கிடும். எவ்வளவு மடங்குதுன்னு பாக்க, டயர் ஓரத்துல சாக்பீஸால ஒரு கோடு போட்டு அனுப்புவேன். திரும்பி வரும்போது எவ்வளவு அழிஞ்சிருக்கோ அவ்வளவு மடங்கியிருக்குன்னு அர்த்தம். பெரிய எஸ்யூவி வந்தா எனக்குக் கொண்டாட்டம்தான். அவ்வளவு உசரம், அவ்வளவு கனம், அதைப் போய் ரேஸ் கார் மாதிரி வளைக்கணும். ஆனையைக் கூட்டிக்கிட்டுவந்து பாண்டி ஆடச் சொல்ற வேலை அது. அதையும் ஆட வெச்சிருக்கேன்.

எங்க ஷெட் வாசல்ல ஒரு போர்டு இருக்கு. ரெண்டு கட்டம். ஒண்ணு 'வந்த காத்து', இன்னொண்ணு 'போற காத்து'. சாயங்காலம் வண்டி வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, டயரை ஆறவிட்டு, ரோட்டுக்கு வேண்டிய காத்தை மறுபடி நிரப்பி, அந்த எண்ணை ரெண்டாவது கட்டத்துல எழுதணும். எழுதியிருந்தாத்தான் டிராக்ல கொடி காட்டுற கொடிக்காரர் கேட்டைத் திறப்பார். இந்த ஏற்பாடே நான் கொண்டுவந்ததுதான். ஏன்னா சூட்டுல பாக்குற எண் பொய் மேடம். முப்பத்தெட்டுன்னு காட்டும், ஆறினா முப்பதுதான் இருக்கும். அதனால நான் டீ குடிச்சிட்டுத்தான் போற காத்தை எழுதுவேன். முக்கால் மணி நேரம் டீ குடிக்கிறவன்னு ஊரெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணும், நான் கண்டுக்க மாட்டேன். பதினாறு வருஷத்துல டீக்கு முன்னாடி ஒரு எண்ணு எழுதினதில்ல. அந்த ஒரு நாளைத் தவிர.

அக்காவைப் பத்திச் சொல்லணும். என்னைவிட ஒன்பது வயசு மூத்தவ. அம்மா போனப்புறம் என்னைக் கட்டி மேய்ச்சது அவதான். அவ வீட்டு மாடி ரூம்ல பதினோரு வருஷமா இருக்கேன். காலையில டிபன் டப்பா படிக்கட்டுல மூணாவது படியில இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு நான் கீழ வந்தா தட்டு இருக்கும், தட்டுக்கு எதிர்ல அக்கா இருப்பா. அன்னைக்கு வந்த வண்டியைப் பத்தி நான் பேசுவேன். அவளுக்கு ஒரு எழவும் புரியாதுன்னுதான் நினைச்சிருந்தேன். கை பாட்டுக்குத் துணியில பட்டனுக்குக் காஜா எடுத்துக்கிட்டு உம் கொட்டுவா.

அத்தான் தங்கமான மனுஷன். அதுல ஒரு அட்சரம் மாத்தாதீங்க. மருந்துக் கம்பெனியில விற்பனை மேனேஜர். சத்தமா சிரிப்பார், சத்தமா தும்முவார், யாரைப் பாத்தாலும் முதுகுல தட்டுவார். பெரிய பதவி உயர்வு வந்துது, அதோட நானூறு கிலோமீட்டர் தள்ளி மாத்தலும் வந்துது. அந்தச் சந்தோஷத்துலதான் அந்தப் பெரிய வண்டியையே வாங்கினார். வீட்டை வித்துடப்போறோம்னு சொன்ன அன்னைக்கு, என்னைத் தனியா கூப்பிட்டு முதுகுல தட்டினார்.

"டேய் காத்து, உனக்கும் ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கேன்டா. டிராக்குக்குப் பக்கத்துலயே. ஜன்னலைத் திறந்தா வண்டி ஓடுறது தெரியும். உனக்கு வேற என்ன வேணும், சொல்லு."

எனக்கு வேற என்ன வேணும். நியாயமான கேள்விதான். நானும் நன்றி சொன்னேன். அந்த ரூமைப் போயும் பாத்தேன். நல்ல ரூம்தான், சுத்தமான ரூம். சுவத்துல ஒரே ஒரு ஆணி. படிக்கட்டு கிடையாது, தரைத்தளம். மூணாவது படின்னு ஒண்ணு இல்லாத வீட்டுல டிபன் டப்பாவை எங்க வெப்பாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம் அதை வெக்க ஆளும் இல்லைன்னு ஞாபகம் வந்துது. அவ்வளவுதான், கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல.

கிளம்பற அன்னைக்கு அத்தானுக்கு ஒரு விருந்து மாதிரி இருக்கட்டும்னு நான்தான் அவரை டிராக்குக்குக் கூப்பிட்டேன். "ஒரு நாள் முழுக்க ஓட்டிட்டு, சாயங்காலம் அப்படியே ரெண்டு பேரும் புது ஊருக்குக் கிளம்பிடுங்க"ன்னேன். அவருக்குத் தலைகால் புரியல. காலையில ஏழு மணிக்கே வந்துட்டாங்க, வண்டி நிறைய சாமான். அதையெல்லாம் நான்தான் இறக்கி ஷெட்டுல அடுக்கினேன். புஸ்தகப் பெட்டி, பாத்திரப் பெட்டி, அக்காவோட பழைய இரும்புத் தையல் மிஷின். நாலு டயருக்கும் முப்பது வெச்சு, சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியோட கம்ப்யூட்டர்ல 'டிராக்'னு இருக்கிற செட்டிங்கைத் தட்டி அனுப்பினேன். அந்தச் செட்டிங்ல காத்து கம்மியா இருந்தாலும் வண்டி எச்சரிக்கை குடுக்காது மேடம், இருபதுக்குக் கீழ போனாத்தான் கத்தும்.

அந்த நாளை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. என் வாழ்க்கையிலயே அவ்வளவு சந்தோஷமான நாள் இல்ல. முதல் சுத்து முடிச்சு வந்தப்போ அத்தான் ஹெல்மெட்டைக் கழட்டாமலேயே இறங்கி ஒரு குதி குதிச்சார். வயிறு முன்னாடி குதிச்சுது, அவர் பின்னாடி குதிச்சார். அக்கா சிரிச்சுச் சிரிச்சுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா. "இந்த மனுஷனுக்கு அம்பத்திரண்டு வயசுன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா"ன்னு கொடிக்காரர்கிட்ட கேட்டா. அவர், "அவர் ஓட்டுறதைப் பாத்தா அஞ்சு வயசுதான் மதிக்கலாம்"னார். நான் கீழ உக்காந்து கோட்டைப் பாத்தேன். இடது முன் டயர்ல ஒரு விரக்கடை அழிஞ்சிருந்துது. எங்க டிராக்ல வலது வளைவு ஜாஸ்தி, அதனால மொத்தக் கனமும் இடது முன் டயர்லதான் வந்து உக்காரும். முறைப்படி அதுக்கு ரெண்டு கூட்டணும். நான் கூட்டல. அது எப்படித் தாங்குதுன்னு பாக்க ஆசையா இருந்துது.

ஒவ்வொரு தடவை வரும்போதும் நாலு டயர்லயும் சூட்டுல ஏறினதைக் கொஞ்சம் இறக்கி, முப்பத்தெட்டுல நிறுத்தி மறுபடி அனுப்பினேன். மதியத்துக்குள்ள அத்தான் சுத்துக்கு ஆறு செகண்ட் குறைச்சிட்டார். அதுல அவர் கெட்டிக்காரத்தனம் பாதி, என் காத்து பாதி. அவரே அதை ஒத்துக்கிட்டார். என்னைக் கட்டிப் பிடிச்சு, "நீ காத்து இல்லடா, நீதான் எஞ்சின்"னார். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதையும் எழுதிக்கோங்க, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல.

நாலு மணி பத்து நிமிஷத்துக்குக் கடைசி சுத்து முடிஞ்சுது. வண்டி வந்து நின்னுது, டயர்லேருந்து ரப்பர் வாசனை ஆவி மாதிரி வந்துது. கேஜை வெச்சுப் பாத்தேன், நாலுலயும் முப்பத்தெட்டு. போர்டுல 'போற காத்து' கட்டத்துல முப்பத்தெட்டுன்னு எழுதினேன். இதை நல்லா கவனிங்க மேடம். நான் பொய் எண் எழுதற ஆள் இல்ல. எழுதின நிமிஷத்துல அது உண்மை.

அப்ப அக்கா டீ கொண்டுவந்தா. நான் சாக்பீஸைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டிருந்தேன்.

"என்னடா, அதுக்குள்ள எழுதிட்ட?"

"அத்தானுக்கு நேரமாகுதுக்கா. தூரம் போகணும்ல."

அவ போர்டைப் பாத்தா, என்னைப் பாத்தா, டீயைக் குடுத்துட்டுப் போயிட்டா.

அதுக்கப்புறம் நான் செஞ்சது ரொம்பக் கம்மி. செய்யாததுதான் ஜாஸ்தி. டயரை ஆறவிட்டுக் காத்து நிரப்பல. அவ்வளவு சாமானோட போற வண்டிக்கு, ஆறின டயர்ல நாப்பத்திரண்டு இருக்கணும்னு கதவு ஓரத்துல ஸ்டிக்கரே ஒட்டியிருக்கு. டிராக் செட்டிங்கையும் மாத்தல. ஸ்கிரீனைத் துணியால துடைச்சேன், செட்டிங் அப்படியே இருந்துது. செய்யாத காரியத்துக்கு நீங்க எப்படிப் பிரிவு போடுவீங்கன்னு எனக்குத் தெரியல, அது உங்க வேலை.

செஞ்சதுன்னா மூணு. சாமானை நான்தான் ஏத்தினேன். தையல் மிஷினை முன் சீட்டுல, டிரைவருக்குப் பக்கத்துல வெச்சு பெல்ட் போட்டேன். இடது முன் டயருக்கு நேர் மேல. அக்கா வந்து பாத்துட்டு, "இதை இங்க வெச்சா நான் எங்கடா உக்காரது, கூரை மேலயா?"ன்னா. "வீட்டுல இன்னும் கண்ணாடிச் சாமானெல்லாம் ஒதுங்க வெக்கணும்ல. நீ நாளைக்கு என் வேன்ல வாக்கா, நான் கொண்டு விடறேன்"னேன். அத்தான் உடனே, "அப்பாடா, ஒரு ராத்திரி நிம்மதி"ன்னார். அக்கா அவர் கையில கிள்ளினா. அவங்க ரெண்டு பேரும் பேசினதுல அதுதான் கடைசி.

ரெண்டாவது, அவங்க கிள்ளி விளையாடிக்கிட்டிருந்த நேரத்துல நான் இடது முன் டயர் பக்கத்துல உக்காந்து வால்வை அழுத்தினேன். மனசுக்குள்ள முப்பது எண்ணினேன். ஸ்ஸ்ஸுனு ஒரு சத்தம், அவ்வளவுதான். கம்ப்ரசர் ஓடற இடத்துல அது யார் காதுலயும் விழாது. முப்பத்தொண்ணுக்கு வந்துது, ஆறினா இருபத்தி நாலு. வால்வுக்கு மூடியைப் போட்டு, டயரை ஒரு தட்டுத் தட்டினேன்.

மூணாவது ஒரு சின்னப் பொய். அத்தான் ஸ்டீயரிங்ல உக்காந்ததும் குனிஞ்சு சொன்னேன். "டிராக் ஓட்டின டயர் அத்தான், கொஞ்ச தூரம் இடது பக்கம் இழுக்கும். சூடு அடங்கினா சரியாயிடும், கண்டுக்காம போங்க." அவருக்கு என் முதுகுல தட்ட இடமில்ல, கன்னத்துல தட்டினார். இதை மட்டும் பொய்னு போட்டுக்கோங்க, சின்ன எழுத்துல.

கொடிக்காரர் போர்டைப் பாத்தார், எண் இருந்துது, கேட்டைத் திறந்தார். பாவம், அவரை ஒண்ணும் கேக்காதீங்க.

என் நோட்டை நீங்க எடுத்து வெச்சிருக்கீங்க. கடைசிப் பக்கத்துல அறுபதுன்னு எழுதி வட்டம் போட்டிருப்பேன். அது என்னன்னு உங்க ஆளு கேட்டார். அது கிலோமீட்டர் மேடம். முன்னாடி ரெண்டு பேர் காத்து நிரப்பாம கிளம்பிப் போயிருக்காங்க. ஒருத்தருக்கு அம்பத்தஞ்சுல டயர் போச்சு, இன்னொருத்தருக்கு எழுபதுல. நல்ல வேளை ரெண்டு பேரும் மெதுவா போனாங்க. போர்டே அதுக்கப்புறம் வந்ததுதான். அத்தான் மெதுவா போகமாட்டார், அதுவும் அப்படி ஒரு நாளுக்கப்புறம். எடையையும் வேகத்தையும் வெச்சுக் கணக்குப் போட்டதுல அறுபது வந்துது. உங்க ரிப்போர்ட்ல அறுபத்தி நாலுன்னு இருக்கு. நாலு கிலோமீட்டர்தான் பிசகு. நடுவுல எங்கயோ லாரிக்குப் பின்னாடி மாட்டியிருப்பார்னு நினைக்கிறேன். வெளியில பெஞ்சுல உக்காந்து அந்த எண்ணைப் பாத்தப்போ எனக்கு உள்ளுக்குள்ள ஜிவ்வுனு ஆயிடுச்சு. அதை யார்கிட்ட சொல்றது, சொல்லுங்க. இதைக் கேட்டு உம் கொட்ட எனக்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

நோட்டுல அந்தப் பக்கத்துக்கு வியாழக்கிழமைன்னு தேதி போட்டிருக்கும். டிராக்குக்கு வந்தது சனிக்கிழமை. ஆமா, அதுவும் சரிதான்.

அக்காவும் நானும் வேன்ல வீட்டுக்கு வந்தோம். அத்தான் போனது அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். கிளம்பும்போது நான் வேன் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன், அத்தான் எவ்வளவு தூரம் போயிருப்பார்னு கணக்கு வெக்க. ஜன்னலையெல்லாம் இறக்கிவிட்டோம். அக்கா முடி முகத்துல பறக்குது, ஒரு கையால ஒதுக்கிக்கிட்டே அத்தான் குதிச்ச மாதிரி நடிச்சுக் காட்டறா, நான் சிரிச்சதுல வேன் ஒரு பக்கமா போச்சு. "டேய், ரோட்டைப் பாத்து ஓட்டு, என்னையும் கொன்னுடாத"ன்னா. அந்த 'என்னையும்' எனக்கு ஒரு மாதிரி இருந்துது. அவ சும்மா பேச்சுக்குச் சொன்னா. அந்த இருபத்தஞ்சு கிலோமீட்டர் நாங்க ரெண்டே பேர். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது சைக்கிள்ல பின்னாடி வெச்சு அவ மிதிச்சப்போ இருந்த சந்தோஷம்.

அவ கண்ணாடி டம்ளரைப் பேப்பர்ல சுத்திக்கிட்டிருந்தப்போ போன் வந்துது. நான் சமையலறைக் கடிகாரத்தைப் பாத்தேன். அவ போனைக் காதுல வெச்சுக் கேட்டா, கீழ வெச்சா. அழல. டம்ளரைச் சுத்தி முடிச்சுப் பெட்டியில வெச்சிட்டு, என் பக்கம் திரும்பினா.

"டீக்கு முன்னாடி எழுதினியே."

பதினோரு வருஷம் காஜா எடுத்துக்கிட்டே உம் கொட்டினவ, அத்தனையும் கேட்டிருக்கா மேடம். ஒரு எண்ணு விடாம கேட்டிருக்கா. எனக்கு அந்த நேரத்துலயும் பெருமை தாங்கல.

உங்க ஃபைல்ல எங்க போர்டு போட்டோ இருக்கு. அது அவ எடுத்தது. மூலையில தெரியறது அவ விரல், ஊசி குத்தின தழும்பைப் பாத்தாலே தெரியும். அவ உங்ககிட்ட வந்து சொன்னதையும், புருஷனைப் பறிகொடுத்த துக்கத்துல ஏதோ உளர்றான்னு நீங்க ஓரமா வெச்சதையும் உங்க ஆளே சொன்னார். அது தப்பு. எங்க அக்கா உளற மாட்டா. அவ சொன்னது அத்தனையும் சரி, அதுக்கு நான் சாட்சி. இடது முன் டயர்லேருந்து நான்தான் காத்தை இறக்கினேன். வெடிக்கும்னு தெரிஞ்சுதான் இறக்கினேன். அவர் சாகணும்னுதான் இறக்கினேன். இப்ப எழுதிக்கிட்டீங்களா? குடுங்க, போடறேன் கையெழுத்து. பாத்தீங்களா, மேசை ஆடல.

இதை அவகிட்ட காட்டுங்க மேடம். தன் பேச்சை யாரும் நம்பலைங்கிறதுதான் அவளுக்குக் கோபம். தம்பியே ஒத்துக்கிட்டான்னு தெரிஞ்சா சமாதானம் ஆயிடுவா. பன்னிரண்டு நாளா முகம் குடுத்துப் பேசல, நான் டயர் ஷெட்டுலதான் படுத்துக்கறேன். பரவாயில்ல, இப்ப சூடா இருக்கா. சூட்டுல பாக்குற ரீடிங்கை நான் என்னைக்கும் நம்பினதில்ல, ஆறினப்புறம்தான் சரியான எண் தெரியும். முக்கியமான விஷயம், வீட்டை விக்கல. அவ எங்கயும் போகல, அங்கதான் இருக்கா. போன வாரம் வாசல் பூட்டை மட்டும் மாத்தியிருக்கா. எனக்கும் ஒரு சாவி எடுத்து வெச்சிருப்பா, குடுக்க மறந்திருப்பா. நீங்க ஒரு போன் போட்டுக் கேளுங்க, இன்னைக்கு எட்டு மணிக்குச் சாப்பிட வந்துடறேன்னு அப்படியே சொல்லிடுங்க.